ரோபோ வந்தாச்சு... பாடம் மாறியாச்சா?

தொழிற்பயிற்சி நிலையங்களான ஐ.டி.ஐ.களில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு இயந்திரங்கள் வந்து இறங்குகின்றன. அவற்றைத் தொடப்போகும் மாணவருக்குக் கற்பிக்கும் முறை எப்போது புதிதாகும்?

கார் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடத்தின் அரசு ஐ.டி.ஐ.யில் 2023 ஜூலையில் ‘தொழில் 4.0’ தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்கத் தமிழ்நாடு அரசு எடுத்த திட்டத்தின் முதல் கட்டம் அது. மொத்தச் செலவு சுமார் 2,877 கோடி ரூபாய். ரோபோ கை, நவீன சி.என்.சி. இயந்திரம், த்ரீ-டி பிரிண்டர், மின்வாகனப் பயிற்சிக் கருவிகள் என்று, பெரிய கம்பெனிகளின் கேட்டுக்கு உள்ளே மட்டும் இருந்த சாதனங்கள் பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன.

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. நாடு முழுவதும் 1,000 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தொழிற்கல்வியை இவ்வளவு பெரிய தொகையோடு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

சந்தோஷமான செய்திதான். ஆனால், 20 பேர் சுற்றி நிற்க, பயிற்றுநர் ஒரு பட்டனை அழுத்த, ரோபோ கை எழுந்து நாலு பக்கமும் ஆடிவிட்டு ஓய, மாணவர்கள் அதன் பாகங்களை நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினால் அதற்குப் பெயர் கண்காட்சி. இயந்திரம் புதிதாகலாம், கட்டடம் புதிதாகலாம். கற்பிக்கும் முறை பழையதாகவே இருந்தால் அத்தனை கோடியும் பெயின்ட் அடித்த கணக்குதான்.

‘படிப்பு வராதவர்’களின் வகுப்பறை

ஐ.டி.ஐ.க்கு வருகிறவர்கள் யார்? எட்டாவதோ பத்தாவதோ முடித்தவர்கள். பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். பலர் வீட்டில் முதல் தலைமுறையாகச் சான்றிதழ் வாங்கப்போகிறவர்கள். ‘இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது தொழில் கத்துக்கட்டும்’ என்று ஊரும் உறவும் முத்திரை குத்தி அனுப்பியவர்களும் அதில் உண்டு. உட்கார்ந்து கேட்டு, எழுதி, மனப்பாடம் செய்கிற முறையில்தான் அவர்கள் தோற்றார்கள். கையில் எதையாவது கொடுத்து, கழற்றிப் பார்க்கவிட்டு, ‘ஏன் இப்படி?’ என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

சிக்கல் என்னவென்றால், இங்கே வந்தபிறகும் பல இடங்களில் அதே கதை தொடர்கிறது. தியரி வகுப்பில் பயிற்றுநர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பட்டறையில் போர்டில் வரைபடம் இருக்கும். பயிற்றுநர் ஒருமுறை செய்துகாட்டுவார். பிறகு எல்லோரும் ஒரே ஜாபை, அதாவது ஒரே பயிற்சித் துண்டைச் செய்து, அவரிடம் நீட்ட வேண்டும். அவர் வெர்னியரில் அளந்து மார்க் போடுவார். எந்த அரம், எந்த வரிசை, எவ்வளவு தேய்ப்பது, செய்தது சரியா தப்பா என எல்லா முடிவும் பயிற்றுநருடையது. மாணவருடைய பங்கு உழைப்பு மட்டும்.

தொழிற்சாலை கேட்பது வேறு. சி.என்.சி. லேத்தில் ஜாபை மாட்டி, பட்டனை அழுத்தி, கழற்றி வைப்பது வேலையின் எளிய பாதி. காலையில் சரியாக வந்த அளவு மதியம் ஏன் மாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மீதிப் பாதி. டூல் தேய்ந்துவிட்டதா, ஆஃப்செட் தப்பா, ஜாபைப் பிடித்த விதம் சரியில்லையா? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகாத ஒருவரை எந்த ரோபோ பக்கத்தில் நிறுத்தினாலும் அவர் மேஸ்திரி வரும்வரை காத்திருப்பார்.

மாஸ்கோவில் பிறந்த பயிற்சி

ஒரே அளவு இரும்புத் துண்டை எல்லோரும் வரிசையாக நின்று அரத்தால் தேய்க்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது? 1868-ல் மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா வோஸ் என்பவர் ஒரு காரியம் செய்தார். அதுவரை தொழில் கற்பது என்றால் ஒரு மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகுவது. மேஸ்திரி நல்லவராக இருந்தால் தொழில் கைக்கு வரும். இல்லையென்றால் டீ வாங்கியே காலம் போகும். டெல்லா வோஸ் ஒவ்வொரு தொழிலையும் சிறு சிறு செயல்களாகப் பிரித்தார். அறுப்பது, அரத்தால் தேய்ப்பது, துளையிடுவது, பொருத்துவது என எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் பயிற்சிகளை அடுக்கினார். ஒரே ஆசிரியர் பலருக்கு ஒரே நேரத்தில் கற்பிக்க வழி பிறந்தது.

1876-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இந்தப் பயிற்சித் துண்டுகளைப் பார்த்த எம்.ஐ.டி.யின் தலைவர் ஜான் ரங்கிள் அசந்துபோனார். அங்கிருந்து அந்த முறை உலகப் பயணம் கிளம்பியது. 1950-ல் இந்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ்தான் இன்றைய ஐ.டி.ஐ.கள் நடக்கின்றன. நம் ஃபிட்டர் பிரிவு மாணவர் முதல் ஆண்டில் செய்யும் அறுத்தல், தேய்த்தல், பொருத்தல் பயிற்சிகள் அந்த மாஸ்கோ மரபின் பேரப்பிள்ளைகள்.

அந்த முறையைக் குறை சொல்லிவிட முடியாது. அரத்தைச் சமமாகத் தள்ளக் கற்றவருக்கே உலோகத்தின் குணம் கையில் தெரியும். 0.04 மில்லிமீட்டருக்குள் ஒரு துண்டை இன்னொன்றில் பொருத்திப் பார்த்தவருக்குத்தான் ‘துல்லியம்’ என்றால் என்ன என்று புரியும். குறை, அந்த முறை நின்றுபோன இடத்தில் இருக்கிறது. உடம்புக்குப் பயிற்சி கொடுத்த அது, திட்டமிடுவதையும் தீர்மானிப்பதையும் ஆசிரியரிடமே விட்டுவிட்டது.

காகெனாவ் நீராவி எஞ்சின்

அந்த மீதிப் பாதியை எடுத்துக்கொண்டவர்கள் ஜெர்மானியர்கள். 1970-களில் டைம்லர்-பென்ஸ் கம்பெனியின் காகெனாவ் ஆலையில், பயிற்சிக்கு வந்த இளைஞர்களிடம் தனித்தனி இரும்புத் துண்டுகளுக்குப் பதிலாக ஒரு முழுப் பொருளைக் கொடுத்தார்கள். உண்மையிலேயே ஓடக்கூடிய ஒரு சின்ன நீராவி எஞ்சின். அதைச் செய்து முடிக்க வேண்டும். பயிற்றுநர் விளக்கவுரை ஆற்றமாட்டார். பதிலாக ஒரு வழிகாட்டு ஏடு கொடுப்பார். அதில் பெரும்பாலும் கேள்விகள். இந்தப் பாகத்துக்கு எந்த உலோகம் வேண்டும்? ஏன்? எதை முதலில் கடைய வேண்டும்? எந்த அளவு தவறினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்?

இந்த முறையின் முதுகெலும்பு ஆறு படிகள். தகவல் திரட்டு, திட்டமிடு, முடிவெடு, செய், சரிபார், மதிப்பிடு. பழைய பட்டறையில் மாணவருக்குக் கிடைத்தது நான்காவது படி மட்டும்தான். மற்ற ஐந்தும் ஆசிரியருடையவை. காகெனாவில் ஆறும் மாணவருக்கே போயின. ‘முடிவெடு’ என்ற படியில் பயிற்றுநர் கட்டாயம் குறுக்கே வருவார். மாணவர் எழுதிய வேலைத் திட்டத்தை அவரோடு உட்கார்ந்து பேசி, ஆபத்தோ வீண்செலவோ வரக்கூடிய இடத்தைத் திருத்தி, ‘சரி, இயந்திரத்துக்குப் போ’ என்று அனுமதி கொடுப்பார். ஐந்தாவது படியில் மாணவர் தானே அளந்து, தானே தாளில் பதிவார். பிறகு பயிற்றுநர் அளப்பார். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேதான் பாடம் ஆரம்பிக்கும்.

1996-லிருந்து ஜெர்மனியின் தொழிற்பள்ளிப் பாடத்திட்டங்களே இந்தத் தடத்தில் மாற்றி எழுதப்பட்டன. ‘இயந்திரவியல்’, ‘பொருளறிவியல்’, ‘வரைபடம்’ என்ற தனித்தனிப் பாடங்கள் போய், ‘ஒரு பாகத்தைக் கையால் செய்தல்’, ‘ஒரு கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவுதல்’ என்று வேலையையே தலைப்பாக வைத்த பாடங்கள் வந்தன.

ஒரு ஸ்டார்ட்டர், ஒரு கேள்வி

நீராவி எஞ்சினெல்லாம் நம் ஊருக்குச் சரிப்படுமா என்று கேட்கலாம். சரி, எலக்ட்ரீஷியன் பிரிவில் தினமும் நடக்கும் ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம்: டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். கிணற்று மோட்டார் ஓடும் ஊரெல்லாம் இருக்கும் பெட்டிதான்.

வழக்கமான வகுப்பில் கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, பச்சை பட்டன், சிவப்பு பட்டன் என்று போர்டில் வரைந்து விளக்குவார்கள். மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் வரைவார்கள். பிறகு பலகையில் வயரிங் செய்து மோட்டாரை ஓட்டிக்காட்டுவார்கள். ஓடினால் பாடம் முடிந்தது.

இன்னொரு விதமாகவும் இதை நடத்தலாம். படத்தையும் விளக்கத்தையும் பயிற்றுநர் தன் போனிலேயே ஏழெட்டு நிமிட வீடியோவாக எடுத்து முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். வகுப்பில் ஒரு கேள்வியோடு தொடங்குகிறார். ‘ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. கோளாறு எங்கே?’ நான்கு பதில்கள்: ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறது, ஸ்டாப் பட்டன் வயர் விட்டுப்போயிருக்கிறது, ஹோல்டிங் கான்டாக்ட் இணைப்பு இல்லை, காயிலுக்கு வோல்டேஜ் போதவில்லை.

யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தன் பதிலை விரல் எண்ணிக்கையால் நெஞ்சுக்கு நேரே காட்ட வேண்டும். பதில்கள் சிதறும். உடனே பயிற்றுநர் விடையைச் சொல்லிவிட மாட்டார். ‘பக்கத்தில் வேறு பதில் சொன்னவரைப் பிடித்து, உன் பதில்தான் சரி என்று ஒப்புக்கொள்ளவை’ என்பார். பட்டறையில் சத்தம் கிளம்பும். ‘ரிலே ட்ரிப் ஆகியிருந்தா மோட்டார் எடுக்கவே எடுக்காதேடா’ என்று ஒருவர் சொல்லும்போது பாதிக் கூட்டம் மாறும். ஸ்டாப் பட்டன் வயர் அறுந்திருந்தாலும் அதே கதைதான். வோல்டேஜ் குறைந்தால் கான்டாக்டர் இழுக்காது, அல்லது கடகடவென்று அடித்துக்கொள்ளும். மிச்சமிருப்பது ஹோல்டிங் கான்டாக்ட். விரலை எடுத்த பிறகும் காயிலுக்கு வழி திறந்துவைப்பது அதுதான். இரண்டாவது முறை விரல் காட்டச் சொன்னால் பெரும்பாலும் மூன்று விரல்கள் உயரும்.

அதன்பின் பலகைக்குப் போகிறார்கள். பயிற்றுநர் ஒவ்வொரு பலகையிலும் ஒரு கோளாறை ஒளித்துவைத்திருக்கிறார். மாணவர் முதலில் ஊகத்தைத் தாளில் எழுத வேண்டும், சப்ளையைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி பார்க்க வேண்டும், கண்டதை எழுத வேண்டும், கடைசியில்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். செலவு? கூடுதலாக ஒரு ரூபாய்கூட இல்லை.

இந்த விரல்காட்டும் கேள்விக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், தன் மாணவர்கள் கணக்குகளைப் போட்டுவிட்டு அடிப்படையைக் கோட்டைவிடுவதைப் பார்த்து, 1991-ல் இந்தப் ‘பக்கத்து நண்பனிடம் கற்கும்’ முறையைத் தொடங்கினார். ஹார்வர்டில் பலித்தது திருச்சியிலும் ஓசூரிலும் பலிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. சொல்லப்போனால், ஊகித்த மறுநிமிடமே பலகையில் சோதித்துப் பார்க்கும் வசதி ஐ.டி.ஐ. மாணவருக்குத்தான் உண்டு.

கற்றது போலத் தோன்றுவது

‘இதெல்லாம் நேர விரயம். நான் தெளிவாக நடத்தினால் அவர்களுக்குப் புரிந்துவிடும்’ என்று நினைக்கும் பயிற்றுநர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃப்ரீமன் குழு, அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோற்றவர்கள் சுமார் 34 சதவிகிதம். மாணவர்களைச் செயலில் இறக்கிய வகுப்புகளில் சுமார் 22 சதவிகிதம். அவை கல்லூரி வகுப்புகள்தான். ஆனால், உட்கார்ந்து கேட்பதில் ஏற்கெனவே தோற்று வந்தவர்கள் நிறைந்த ஒரு வகுப்பில் அந்த முறை இன்னும் மோசமாகத்தான் வேலை செய்யும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இரண்டாவது ஆய்வு இன்னும் சுவாரசியம். 2019-ல் ஹார்வர்டில் லூயி டெலோரியே குழு இரண்டு வகை வகுப்புகளை ஒப்பிட்டது. தேர்வில் அதிகம் எடுத்தவர்கள் தாங்களே முயன்று பார்த்த வகுப்புக்காரர்கள். ‘நிறையக் கற்றேன்’ என்று சொன்னவர்கள் விரிவுரை கேட்டவர்கள்! நல்ல பேச்சு புரிந்ததுபோல ஒரு மயக்கத்தைக் கொடுக்கிறது. தானே முயன்று தடுமாறுவது தோல்விபோல உறுத்துகிறது. இந்த முறைக்கு மாறும் பயிற்றுநர் முதல் மாதத்தில் ‘சார் பாடமே நடத்த மாட்டேங்கிறார்’ என்ற புகாரைக் கேட்டே ஆக வேண்டும். அதற்கு முதல்வரும் தயாராக இருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒன்றுமே தெரியாதவரை ‘நீயே கண்டுபிடி’ என்று விட்டுவிடுவது கற்பித்தல் ஆகாது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-ல் ஓங்கி வாதிட்டார்கள். புதியவரின் மூளை ஒரே நேரத்தில் சில விஷயங்களைத்தான் தாங்கும். முதலில் நன்றாகச் செய்துகாட்ட வேண்டும், கூடவே நின்று செய்யவைக்க வேண்டும், பிறகுதான் கையை எடுக்க வேண்டும். அரைக்கும் சக்கரத்திலும் 440 வோல்ட்டிலும் சோதனை முயற்சிக்கு இடமில்லை. எப்போது காட்டுவது, எப்போது விலகுவது என்று அறிந்தவரே நல்ல பயிற்றுநர்.

சிமுலேட்டர் எங்கே, நிஜ இரும்பு எங்கே?

இந்தக் கண்ணோட்டத்தோடு தொழில்நுட்பத்தைப் பார்த்தால் எதை வாங்குவது, எதற்குப் பயன்படுத்துவது என்பது தெளிவாகும்.

வெல்டிங்கை எடுத்துக்கொள்வோம். ராடின் சாய்வு, ஆர்க்கின் நீளம், கை நகரும் வேகம் மூன்றையும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடிக்குள் பார்க்கும் மாணவருக்கு ஒளிப்பொட்டைத் தவிர எதுவும் தெரியாது. பயிற்றுநரும் பீடு எனப்படும் வெல்டிங் தடம் ஆறி, கசடைத் தட்டிய பிறகுதான் தப்பைக் காட்ட முடியும். அதற்குள் கை தப்பைப் பழகிவிடும். மெய்நிகர் வெல்டிங் சிமுலேட்டர் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. சாய்வு தவறினால் அந்த நொடியே திரையில் காட்டும். ராடும் தகடும் வீணாகாது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாதி நேரம் சிமுலேட்டரிலும் பாதி நேரம் நிஜ ஆர்க்கிலும் பயின்றவர்கள், முழு நேரமும் நிஜ வெல்டிங்கில் பயின்றவர்களுக்குப் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். ‘பாதி’ என்பதைக் கவனிக்க வேண்டும். சூடு, புகை, தெறிக்கும் பொறி, ஈரமான ராடு, வளைந்த தகடு எதுவும் சிமுலேட்டரில் இல்லை. கைநடுக்கத்தைத் திருத்த அது போதும். பயத்தைப் போக்க நிஜ நெருப்பு வேண்டும்.

சி.என்.சி.யில் சிமுலேஷன் மென்பொருளின் மதிப்பு இன்னும் கூடுதல். பல கன்ட்ரோலர்களில் ஒரு எண்ணுக்குப் பின் புள்ளி வைக்க மறந்தால் 50 மில்லிமீட்டர் என்று நினைத்தது 0.05 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆஃப்செட்டில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால் டூல் சக்கில் போய் மோதும். பல லட்சம் ரூபாய் இயந்திரத்தில் அந்தத் தப்பைச் செய்ய எந்தப் பயிற்றுநர் விடுவார்? அதனால்தான் பல இடங்களில் மாணவர் வேடிக்கை பார்க்கிறார். கணினியில் அந்தத் தப்பைத் தாராளமாகச் செய்யலாம். செய்யச் சொல்லியே ஒரு பாடம் நடத்தலாம்: ‘இந்த ப்ரோக்ராமில் மூன்று தப்பு ஒளிந்திருக்கிறது, ஓட்டிப் பார்ப்பதற்கு முன் கண்டுபிடி.’

அரம் தேய்ப்பதற்கும் ஸ்பானர் முடுக்குவதற்கும் நட்டு ‘பிடித்துவிட்டது’ என்று உள்ளங்கை உணர்வதற்கும் திரை உதவாது. அமிர்தா பல்கலைக்கழகத்தின் அம்மச்சி லேப்ஸ், கையில் விசையை உணரவைக்கும் ஹாப்டிக் கருவிகளை உருவாக்கித் தொழிற்பயிற்சியில் முயன்றிருக்கிறது. தொடக்கப் பயிற்சிக்கு அது நல்ல ஏணி. ஏணியே மாடி ஆகாது.

சுருக்கமாக ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். தப்பு செய்தால் ஆளுக்கோ இயந்திரத்துக்கோ சேதம் வரும் என்றால் முதலில் சிமுலேட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, காந்தப்புலத்தையோ எஞ்சினுக்குள் எரிவதையோ காட்ட வேண்டும் என்றால் அனிமேஷன். கை பழக வேண்டும் என்றால் நிஜப் பொருள். அதற்கு மாற்று இல்லை.

பையில் இருக்கும் கருவி

கோடி ரூபாய் ரோபோ வருவதற்கு முன்பே ஒவ்வொரு மாணவர் பையிலும் ஒரு சக்திவாய்ந்த கருவி வந்துவிட்டது. பல பட்டறைகளில் அந்தச் செல்போனுக்குத் தடை. இயந்திரம் ஓடும்போது தடை நியாயம்தான். ஆனால் பெஞ்ச் வேலையில்?

அரம் தள்ளும்போது கை மேலும் கீழும் ஆடினால் இரும்பின் நடுவில் மேடு விழும். பயிற்றுநர் நூறு முறை ‘கையை ஆட்டாதே’ என்பார். மாணவருக்குத் தன் கை ஆடுவது தெரியவே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் ஸ்லோ மோஷனில் பத்து விநாடி எடுத்துக் காட்டினால் தானே பார்த்துத் திருத்திக்கொள்வார். வெல்டிங் பிரிவில் ஒவ்வொரு வாரமும் தன் பீடை ஒரே கோணத்தில் போட்டோ எடுத்து, கீழே ‘கரண்ட் இவ்வளவு வைத்தேன், ஓரத்தில் அரித்திருக்கிறது, அடுத்த முறை குறைப்பேன்’ என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்தால், ஆண்டு முடிவில் அது எந்த ரெக்கார்டு நோட்டையும்விட நேர்மையான சாட்சி. வேலைக்குப் போகும் இடத்தில் காட்டவும் உதவும்.

மொழித் தடைக்கும் வழி இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னின்று நடத்திய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் மென்பொருள் பயிற்சிகளைச் சுமார் பத்து நிமிட வீடியோக்களாகத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் தருகிறது. குரல் தமிழில் இருக்கும். திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். ஏனென்றால் வேலை செய்யும் இடத்தில் திரை ஆங்கிலத்தில்தான் இருக்கப்போகிறது. இன்னொரு நுணுக்கம், வீடியோவை ஒரு பாதியிலும் மென்பொருளை மறு பாதியிலும் திறந்துவைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கூடவே செய்ய வேண்டும். பார்த்துக்கொண்டே இருக்க அனுமதிக்காத வீடியோ அது. பி.எல்.சி., சி.என்.சி. பாடங்களுக்கு நம் பயிற்றுநர்களே இப்படித் தயாரிக்கலாம்.

கிண்டியில் தொடங்கிய வேலை

இந்தச் சிந்தனைக்கு நாம் அந்நியர்கள் அல்ல. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாக முன்னின்ற ஜி.டி.நாயுடு, நாலு வருடப் படிப்பு வீண், செய்முறையாகக் கற்பித்தால் இரண்டே வருடம் போதும் என்று அன்றைய அரசோடு மல்லுக்கட்டினார். ரேடியோவையும் மோட்டார் வாகனத்தையும் ஆறே வாரத்தில் கற்றுக்கொடுத்துக் காட்டினார். அரசு மசியவில்லை. கல்லூரிப் பொறுப்பை உதறிவிட்டு வெளியேறினார்.

1986 டிசம்பரில் சென்னை கிண்டியில், ஜெர்மனியின் உதவியோடு, தொழிற்பயிற்சிக்கான பாடநூல் தயாரிக்கும் மத்திய நிறுவனம் அமைந்தது. இன்று ‘நிமி’ என்று அழைக்கப்படும் அந்த நிறுவனத்தின் தியரி, பிராக்டிகல் புத்தகங்கள்தான் தமிழ் உட்படப் பல மொழிகளில் நாடு முழுவதும் ஐ.டி.ஐ. மாணவர் கைகளில் இருக்கின்றன. மாதிரித் தேர்வுகள் செல்போன் செயலியாகவும் வந்துவிட்டன. பாடத்திட்டத்தைப் புரட்டினால் குழுவாகச் செய்யும் ப்ராஜெக்ட், வாய்மொழித் தேர்வு, படிப்படியான மதிப்பீடு எல்லாமே காகிதத்தில் இருக்கின்றன. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருப்பதைச் செய்தாலே போதும்.

பிறகு ஏன் நடப்பதில்லை? இரண்டு முடிச்சுகள்.

முதல் முடிச்சு, பயிற்றுநர். தொழில் தெரிந்திருப்பதும் தொழில் கற்பிக்கத் தெரிந்திருப்பதும் இரண்டு வேறு திறமைகள். ஜெர்மனியில் கம்பெனிக்குள் பயிற்சி கொடுப்பவர்களுக்கே கற்பிக்கும் தகுதி வேண்டும் என்று 1972-லேயே விதி வந்தது. நம்மிடமும் பயிற்றுநர்களுக்கான ஓராண்டுப் படிப்பு உண்டு. அதை முடித்து வேலைக்குச் சேர்ந்தவர் மறுபடி எப்போது மாணவராக உட்கார்ந்தார்? புதிய இயந்திரத்தோடு சில நாள் பயிற்சி வருகிறது. அது பெரும்பாலும் இயந்திரத்தை இயக்கும் பயிற்சி. அந்த இயந்திரத்தை வைத்து என்ன கேள்வி கேட்பது, எந்தக் கோளாறை ஒளித்துவைப்பது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? 60,000 கோடித் திட்டத்தில் சென்னை உட்பட ஐந்து தேசியத் திறன் பயிற்சி நிலையங்களை மேம்படுத்தி 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தருவதாகச் சொல்லியிருப்பது அதனால்தான் அந்தத் திட்டத்தின் மிக முக்கியமான வரி. ரோபோ படத்தைப் போடும் விளம்பரங்களில் அந்த வரி வருவதில்லை.

இரண்டாவது முடிச்சு, தேர்வு. தியரி இப்போது கணினியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. பிராக்டிகலில் செய்துமுடித்த ஜாப். தேர்வு கேட்பதைத்தான் வகுப்பு கொடுக்கும். கோளாறு கண்டுபிடிப்பதற்கும் திட்டமிடுவதற்கும் கணிசமான மதிப்பெண் இல்லாதவரை, மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்யவைக்கும் பயிற்றுநரைக் குறைசொல்வதில் அர்த்தம் இல்லை.

மாற்றத்தைப் பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பிராக்டிகல் தேர்வில் மூன்று சேர்க்கைகள் போதும். வேலையைத் தொடங்கும் முன் மாணவர் தன் வேலை வரிசையை எழுதித் தர வேண்டும், அதற்கு மதிப்பெண். முடித்த ஜாபைத் தேர்வாளர் அளக்கும் முன் மாணவர் தானே அளந்து பதிய வேண்டும். இரண்டு அளவும் நெருங்கியிருந்தால், ஜாப் கொஞ்சம் பிசகியிருந்தாலும் மதிப்பெண். கடைசியாக, ஒளித்துவைத்த ஒரு கோளாறைக் கண்டுபிடித்துக் காரணம் சொல்ல வேண்டும், அதற்கும் மதிப்பெண். இந்த மூன்றும் தேர்வுக்கு வந்தால், மறு ஆண்டே பட்டறை தன்னால் மாறும். பயிற்றுநர்கள் கேள்விகளைத் தேடத் தொடங்குவார்கள். சிமுலேட்டருக்குத் தூசு தட்டப்படும். போனுக்குப் பட்டறையில் இடம் கிடைக்கும்.

புதுப்பித்த ஐ.டி.ஐ. ஒன்று எப்படி நடக்கிறது என்று அறிய ஆய்வுக்குழுவே வேண்டியதில்லை. அங்கே இரண்டாம் ஆண்டு படிப்பவர் ஒருவரிடம், அவர் செய்த ஜாபையே கொடுத்து, ‘இது சரியாக இருக்கிறதா?’ என்று கேட்டால் போதும். பயிற்றுநர் முகத்தைப் பார்த்தால், அங்கே இயந்திரம் மட்டும்தான் வந்திருக்கிறது. வெர்னியரை எடுத்து அளந்து, ‘இங்கே கொஞ்சம் கூடுதல், இன்ன காரணம்’ என்று சொன்னால், போட்ட பணம் அந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.